ஷாட்டன்பெர்க் தாவுதளம், ஓபர்ஸ்டோர்ஃப்: சீட்டுக்குக் கிடைப்பது ரிட்செக்கின் விளையாட்டில் பாதி

முதலில் ஸ்கியில் தாவல், பிறகு பனியில் ஸ்கி ஓட்டம், இரண்டும் சேர்ந்ததுதான் நார்டிக் கம்பைன்ட். அதைப் பார்ப்பவர்களுக்கு ஓபர்ஸ்டோர்ஃப் என்றாலே யோஹானஸ் ரிட்செக் நினைவுக்கு வருவார். 1991 இல் அங்கே பிறந்தவர். 2017 லாத்தி உலகச் சாம்பியன்ஷிப்பில் இருந்த நான்கு பந்தயங்களிலும் தங்கம் வாங்கினார். அதற்கு முன் அந்த விளையாட்டில் யாரும் செய்யாதது. அவர் ஊராயிற்றே என்று ஷாட்டன்பெர்க் வளாகத்துக்குப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு போகலாம்: அங்கே பார்க்கக் கிடைப்பது முதல் பாதியான தாவல் மட்டும். குறைசொல்ல முடியாத பாதிதான். ஆனால் ரிட்செக்கை ரிட்செக் ஆக்கியது மற்ற பாதியான ஓட்டம்.

முதலில் வழி. ஜெர்மனியின் தென்கோடி ஊர் இது. ரயில் பாதை இங்கேயே முடிந்துவிடும். மியூனிக்கிலிருந்து வரும் சில ரயில்கள் இம்மன்ஸ்டட் நிலையத்தில் இரண்டாகப் பிரியும், ஒரு பாதி லிண்டாவ் பக்கம் போய்விடும். ஏறும்போதே பெட்டியின் பலகையைப் பார்த்து ஏறுங்கள். நிலையத்திலிருந்து வளாகத்துக்கு நடந்தே போகலாம், நெபல்ஹார்ன் கம்பிவண்டி நிலையத்தை அடையாளம் வைத்துக்கொண்டால் போதும். எர்டிங்கர், ஆடி என்று விளம்பரதாரருக்கு ஏற்ப வளாகத்தின் பெயர் மாறிவந்திருக்கிறது. ஷாட்டன்பெர்க் என்று கேட்டால் குழப்பம் இல்லை. ஹைனி குளோப்பர் என்று கேட்டுவிடாதீர்கள். அது தெற்கே ஸ்டில்லாக் பள்ளத்தாக்கில் இருக்கும் ராட்சதப் பறத்தல் தளம். கம்பைன்ட் வீரர்களுக்கு அங்கே போட்டியே கிடையாது.

வளாகத்தில் ஐந்து தளங்கள் வரிசையாக நிற்கின்றன. சிறுவர்கள் தொடங்கும் சின்னத் தளங்களும் பெரிய தளமும் ஒரே பார்வையில் விழுவதுதான் இந்த இடத்தின் தனிச்சிறப்பு. கம்பைன்டுக்கு வேண்டியவை இரண்டு: கே-புள்ளி (தூர மதிப்பெண்ணுக்கு அடிப்படையாக வைக்கும் இடம்) 95 மீட்டரில் உள்ள சாதாரணத் தளம், 120 மீட்டரில் உள்ள பெரிய தளம். சாய்வாக ஏறும் லிஃப்டில் மேலே போய், வீரர்கள் உட்காரும் குறுக்குக் கட்டைக்கு அருகில் நின்று கீழே பார்த்தால்தான் சரிவு எவ்வளவு கடுமை என்பது உறைக்கும். தொலைக்காட்சி அதைத் தட்டையாக்கிவிடுகிறது. மேலே காற்று பலமாக இருக்கும், கோடையிலும் ஒரு மேல்சட்டை கையில் இருக்கட்டும். கோடையில் பிளாஸ்டிக் விரிப்பின் மேல் தண்ணீர் தெளித்துத் தாவுவார்கள். பயிற்சி நேரம் முன்னதாகத் தெரிந்தால் அதை ஒட்டிப் போவது நல்லது. வெறும் தளத்தைப் பார்ப்பதற்கும் ஆள் தாவும்போது பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது.

தாவலைப் பார்க்கும்போதே மனக்கணக்கு போடப் பழகினால் சுவை கூடும். பெரிய தளத்தில் ஒரு மீட்டருக்கு 1.8 புள்ளி, 95 மீட்டர் தளத்தில் 2 புள்ளி. தனிநபர் பந்தயத்தில் வழக்கமான கணக்கு, 15 புள்ளிக்கு ஒரு நிமிடம். ஆக, பெரிய தளத்தில் பத்து மீட்டர் குறைந்தால் 18 புள்ளி, அதாவது 72 விநாடி தாமதமாகத்தான் பனித்தடத்தில் கிளம்ப முடியும். நடுவர்களின் நடை மதிப்பெண்ணும், காற்றுக்கும் கேட்டுக்கும் (தாவக் கிளம்பும் உயரத்துக்கும்) செய்யும் திருத்தங்களும் இதை அசைக்கும். அதனால் தூரப்பலகையை மட்டும் நம்பிக் கணக்குப் போட்டால் தப்பும்.

தாவல் முடிந்ததும் கூட்டத்தில் ஒரு பகுதி ஓட்டலுக்குத் திரும்பிவிடுவது உண்டு. அதுதான் பிசகு. பந்தயம் முடிவாகும் இடம் ஊருக்குத் தெற்கே ரீட் என்ற இடத்தில் உள்ள ஸ்கி ஓட்ட அரங்கம். கிளம்ப நேரம் ஒதுக்காமல் சாவகாசமாக இருந்தால் தொடக்கத்தைக் கோட்டைவிடுவீர்கள். பத்து கிலோமீட்டர், கால்களைப் பக்கவாட்டில் தள்ளிப் போகும் ஸ்கேட்டிங் நடை. முதலில் கிளம்பியவரைத் துரத்துவதுதான் முழு ஆட்டமும் என்பதால், முதலில் கோட்டைத் தொடுபவரே வென்றவர். தாவலைவிடப் புதிதாகப் பார்ப்பவருக்கு இது எளிது. முடிவுக்கோட்டில் முண்டியடிக்காமல் ஏற்றத்தில் நில்லுங்கள். யாருக்குக் கால் கனக்கிறது, யாருடைய ஸ்கியில் பூசிய மெழுகு பனியோடு ஒத்துப்போகவில்லை என்பது அங்கேதான் தெரியும். மார்ச் வெயிலில் பனி சோறுபோலக் குழைந்துவிடும் ஊர் இது. இங்கே நடந்த 2021 உலகச் சாம்பியன்ஷிப்பிலும் அந்தச் சிக்கல் இருந்தது. ஈரப்பனியில் ஸ்கியின் அடிப்பரப்பில் நீர் ஒட்டி இழுக்கும்; தண்ணீர் வடியும்படி ஆழமான வரிகள் போட்ட ஸ்கியைத் தேர்ந்தவர் தப்பிப்பார்.

ரிட்செக்கின் கதை ரீடில் நின்றால்தான் புரியும். 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில், பெரிய தளத்தில், ஜப்பானின் அகிட்டோ வதாபேவுக்குச் சுமார் அரை நிமிடம் பின்னால் கிளம்பினார். மேலே சொன்ன கணக்கில் அது நான்கு மீட்டர் சொச்சம். அவரும் சக ஜெர்மானியர்களான எரிக் ஃபிரென்ட்சலும் ஃபேபியன் ரீஸ்லேயும் மாற்றி மாற்றி முன்னால் நின்று காற்றை வாங்கி, முன்னால் போனவர்களைப் பிடித்தார்கள். கடைசி நேர ஓட்டத்தில் ரிட்செக் தங்கம், ரீஸ்லே வெள்ளி, ஃபிரென்ட்சல் வெண்கலம். தாவலில் பெருத்த சேதம் இல்லாமல் தப்பித்துவிட்டால் கடைசி வளைவில் அவரை மிஞ்சுவது கடினம் என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நான்கு ஆண்டுக்கு முன் சோச்சியில் அதே மாதிரி கடைசிக் கட்டத்தில் விழுந்து பதக்கத்தை இழந்தவரும் அவர்தான். சொந்த ஊரில் 2021 இல் தனிநபர் தங்கங்கள் நார்வேயின் ரீபருக்கும் ஆஸ்திரியாவின் லாம்பார்ட்டருக்கும் போயின. பெண்களுக்கான முதல் உலகச் சாம்பியன்ஷிப் பந்தயமும் அந்த ஆண்டு இங்கேதான் நடந்தது. மூன்று பதக்கமும் நார்வேக்கு. இதையெல்லாம் வளாகத்துக்கு வருபவருக்கு இன்னும் விரிவாகச் சொன்னால் சீட்டுக்கு மதிப்பு கூடும்.

டிசம்பர் 29 ஐ ஒட்டிய நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். அப்போது நான்கு ஊர்களில் நடக்கும் ஸ்கி தாவல் போட்டியான நான்கு தளத் தொடர் ஷாட்டன்பெர்க்கில் தொடங்கும், போட்டிச் சீட்டு இல்லாமல் உள்ளே வேலையில்லை. ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் காலையில் லிஃப்டில் ஏறி இறங்கிவிட்டு, மதியத்தை ரீடுக்கு விடுங்கள். பனி இல்லாத மாதங்களில் சக்கரம் பூட்டிய உருளை ஸ்கியில் பயிற்சி செய்பவர்களைப் பார்க்க வாய்ப்புண்டு. தடத்தின் ஓரமாக மட்டும் நடங்கள், இறக்கத்தில் வருபவர்களால் சட்டென்று நிறுத்த முடியாது.