உவர்நிலத்து நித்தியகல்யாணிக்குப் பாசி கலந்த உயிர் உரம்: வாங்கலாமா?

சாயல்குடிப் பக்கம் மானாவாரி நிலம் எங்களுக்கு. மேட்டில் சென்னா அவுரி, உப்போடைப் பக்கம் சரிகிற தாழ்வில் நித்தியகல்யாணி. வெயில் ஏறினால் தாழ்வில் உப்புப் பூத்து வெள்ளையாகிவிடும். அதற்காகத்தான் அசோஸ்பைரில்லம், பேசில்லஸ் என்கிற இரண்டு பாக்டீரியாவும் குளோரெல்லா என்கிற பாசியும் கலந்த இந்த ஒரு லிட்டர் பாட்டிலை வாங்கினேன்.

"இத ஊத்துனா மண்ணுல உப்பே இருக்காதுக்கா" என்றார் கடைத் தம்பி. இருக்கும். மழையோ நல்ல தண்ணீரோ இறங்கினால்தான் உப்பு கீழே போகும். இந்த உயிர்கள் வேரைச் சுற்றிப் பசை சுரந்து சோடியத்தைக் கொஞ்சம் பிடித்துவைக்கும், அவ்வளவுதான். உப்பில் தவிக்கிற செடி எத்திலீன் என்கிற வாயுவைக் கூட்டி வேர் ஓடுவதை நிறுத்திக்கொள்ளுமே, அந்த எத்திலீன் உண்டாகிற மூலப்பொருளைச் சில பாக்டீரியா தின்றுவிடும்.

ஊற்றிய வரிசையில் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். எவ்வளவு உதறியும் கருவாட்டில் மணல் ஒட்டின மாதிரி சல்லிவேர் முழுக்க மண். ஊற்றாத வரிசையில் வேர் மொட்டையாக வந்தது. இலை நுனிக் கருகலும் குறைவுதான். ஆனால் வெள்ளை பூத்த பள்ளத்தில் ஊற்றினாலும் ஒன்றுதான், ஊற்றாவிட்டாலும் ஒன்றுதான்.

சென்னாவுக்கென்று ரைசோபியம் (வேர் முடிச்சில் இருந்து தழைச்சத்து சேர்க்கிற பாக்டீரியா) பொட்டலத்தையும் தலையில் கட்டப் பார்த்தார்கள். அவரை இனம்தான், ஆனால் சென்னா வேரில் முடிச்சு வைக்காது. அதை உளுந்து போடுகிறவர்கள் வாங்கட்டும்.

லேபிள் மோசம். காலாவதித் தேதி மூடியில், கை பட்டால் அழிகிற மையில். மில்லிக்கு எத்தனை உயிர் என்று அச்சிடவேயில்லை. உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி திரவ அசோஸ்பைரில்லத்தில் மில்லிக்கு 10 கோடியாவது இருக்கவேண்டும். பெட்டியைப் பூச்சிமருந்துக்குப் பக்கத்தில், வெயில் விழுகிற ஷட்டர் ஓரமாக அடுக்கியிருந்தார்கள். உள்ளேயிருந்து எடுத்துத் தரச் சொல்லி வாங்குங்கள். திறந்ததும் பாசி வாடை அடித்தால் சரி, அழுகின முட்டை வாடை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மட்கின தொழுஉரத்தில் கலந்து, சாயங்காலம், ஈரமண்ணில் இடவேண்டும். பூஞ்சைக்கொல்லியோடு சேர்க்கவே கூடாது.

ஐப்பசி மழைக்கு மறுபடி வாங்குவேன், பள்ளத்தை விட்டுவிட்டு மற்ற வரிசைகளுக்கு மட்டும். கால் லிட்டர் பாட்டிலும் போட்டால் நல்லது. திறந்த மிச்சம் எங்கள் ஊர்ச் சூட்டுக்குத் தாங்காது.