மலையில் இரவு தங்கும்போது குதிரைக்கு எது பாதுகாப்பு: மின்வேலியா, ஹைலைனா?

கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளுக்குக் குதிரைகளோடு போய்த் தங்க ஆரம்பித்தபோது, ராத்திரி அவற்றை எப்படி நிறுத்துவது என்றுதான் நானும் மனைவியும் அதிகம் விவாதித்தோம். கடைசியில் ஹைலைனைத் தேர்ந்தெடுத்தோம். இரண்டு மரங்களுக்கு நடுவே, குதிரையின் தலைக்கு மேலே, இழுத்துக் கட்டும் கயிறு அது. குதிரைகளின் தலைக்கயிறுகளை அதில் தொங்கவிட்டுக் கட்டுவோம்.

இரும்புப் பேனல் அடைப்பு வண்டி போகிற இடத்துக்கு மட்டும்தான் சரிப்படும். அதில் எனக்குப் பழக்கம் குறைவு. ஒரே இடத்தில் பல நாள் தங்குகிறவர்களுக்கு வசதியாக இருக்கலாம். காலில் தளை போட்டுவிடுவது பகல் மேய்ச்சலுக்கு, அதுவும் கண்ணெதிரே இருக்கும்வரை, சரி. முன்னங்கால் இரண்டையும் பிணைத்தாலும் தாவித் தாவியே வெகுதூரம் போகப் பல குதிரைகள் கற்றுக்கொள்கின்றன. முளையடித்துக் காலில் கட்டுவதற்கு நல்ல பழக்கம் வேண்டும், இல்லாவிட்டால் கயிறு உரசித் தோல் வழன்றுவிடும்.

உண்மையான போட்டி மின்வேலியோடுதான். மெல்லிய நாடா, ஊன்றும் கம்பங்கள், பேட்டரி, எர்த் கம்பி எல்லாம் சேர்ந்தாலும் சுமை குறைவு. உள்ளே குதிரை நடக்கும், புரளும், படுக்கும், மேயும். சும்மா நிற்கும் குதிரைக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது, இதை நான் மனதார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சியராவில் பாதி இடம் கருங்கல் பாறை. கோடையில் மண் காய்ந்துவிட்டால் எர்த் சரியாகக் கிடைக்காது, அப்போது வேலியைத் தொட்டாலும் அடி உறைக்காது. நாடாவில் புல் உரசினாலும் மின்சாரம் கசியும்.

இதையெல்லாம்கூடச் சமாளித்துவிடலாம். என் முடிவைத் தீர்மானித்தது மிரட்சிதான். மின்வேலிக்கு உடல்பலம் எதுவும் கிடையாது, குதிரை அதற்குப் பயப்படுகிறவரை மட்டுமே அது வேலி. ஆபத்து என்று பட்டால் முதலில் ஓடுவதுதான் குதிரையின் சுபாவம். இருட்டில் ஒரு கரடி முகாம் பக்கம் வந்தால், அந்தப் பயத்துக்கு முன்னால் நாடாவின் பயம் ஒன்றுமே இல்லை. ஒன்று அறுத்துக்கொண்டு ஓடினால் மற்றவையும் கூடவே ஓடும், சில சமயம் காலில் நாடாவைச் சுற்றிக்கொண்டு. தெரியாத மலையில், இருட்டில், பள்ளமும் பாறையும் இருக்கிற சரிவில் அவை ஓடுவதை நினைத்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது. ஹைலைனிலும் குதிரை மிரளும், சுற்றிச் சுற்றி வரும், இழுக்கும். ஆனால் அங்கேயே இருக்கும்.

அதற்கு ஹைலைனை ஒழுங்காகக் கட்ட வேண்டும். கயிறு குறைந்தது 7 அடி உயரத்தில் இருக்கட்டும். அதிகம் நீளாத கயிறாகப் பார்த்து வாங்குங்கள், குதிரை இழுத்தால் எந்தக் கயிறும் கொஞ்சம் தொய்யும். மரத்தில் கயிறு படவே கூடாது, அகலமான பட்டை போட்டு அதில்தான் கட்ட வேண்டும். தலைக்கயிறு பக்கவாட்டில் நகராமல் சுழலும் வளையம் வேண்டும். ஒன்றையொன்று உதைக்க முடியாத இடைவெளி விடுங்கள், வேரைக் குளம்பால் கிளறாதபடி மரத்திலிருந்தும் தள்ளி நிறுத்துங்கள். ஓடையிலிருந்து 200 அடி தள்ளியிருப்பது நல்லது.

தலைக்கயிற்றின் நீளம்தான் சிக்கலான விஷயம். தலையைத் தாழ்த்தினால் மூக்கு தரையைத் தொட வேண்டும், அதோடு சரி. தாராளமாக விட்டால் கால் உள்ளே போய்ச் சிக்கும். இறுக்கிப் பிடித்தால் குதிரை படுக்க முடியாது, ஆழ்ந்த தூக்கத்துக்கு அது கொஞ்ச நேரமாவது படுத்தாக வேண்டும். ஹைலைனின் பெரிய குறை இதுதான்.

அதனால் நாங்கள் மின்வேலியையும் எடுத்துப் போகிறோம். நாங்கள் விழித்திருக்கும் மாலை நேரத்தில் குதிரைகள் அதற்குள் மேயும், புரளும், படுக்கும். இருட்டியதும் தண்ணீர் காட்டி ஹைலைனுக்கு மாற்றி, வைக்கோல் வலையைக் கால் சிக்காத உயரத்தில் கட்டிவிட்டு, அவசரத்துக்குக் கயிற்றை அறுக்க ஒரு கத்தியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுப்போம்.