வாங்கிய பில்லிங் மென்பொருளா, நானே எழுதியதா?

சேலம் செவ்வாய்பேட்டையில் எங்கள் கொலுசுப் பட்டறைக்கு வாங்கிய மென்பொருள் முதலில் நன்றாகத்தான் ஓடியது. ஒவ்வொரு அப்டேட்டுக்கும் கனத்துக்கொண்டே போய், இப்போது நெட் இல்லாவிட்டால் திறக்கவே மாட்டேன் என்கிறது. 48.365 கிராம் என்று போட்டால் 48.37 ஆக்கிவிடுகிறது. வெள்ளிக் கணக்கில் இதை யார் ஒத்துக்கொள்வார்கள்?

சரி என்று பைத்தான் என்ற நிரல்மொழியில் நானே ஒன்று எழுதினேன். தரவு முழுக்க எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள மென்பொருளின் ஒரே கோப்பில். பென்டிரைவில் நகலெடுத்தால் பேக்கப் முடிந்தது. 2000-இல் வெளிவந்த எஸ்க்யூலைட்டுக்குத் தனி சர்வரே தேவையில்லை. எடையை மில்லிகிராமாக, முழு எண்ணில் வைத்திருக்கிறேன்: 48365. தசமத் தகராறு கிடையாது. பார்க்க அசிங்கம்தான்.

ஜிஎஸ்டி தாக்கலுக்கு இன்னும் பழையதைத்தான் திறக்கிறேன். விதி மாறும்போதெல்லாம் பின்னால் ஓட எனக்கு நேரமில்லை. அப்பா இரண்டையும் நம்பாமல் சிட்டையில் எழுதிக்கொண்டிருக்கிறார்.