சொரியாசிஸ் காலில் சேற்றுப்புண்: இரண்டு வருஷ அனுபவம்

தோல் சிவந்து தடித்துச் செதிலாக உதிரும் சொரியாசிஸ் எனக்கு வந்து 11 வருஷம் ஆகிறது. முழங்கை, தலை, உள்ளங்கால். அதனால் காலில் எது வந்தாலும் அதுதான் என்று முடிவு கட்டிவிடுவேன். அந்தப் பழக்கம் என்னை எட்டு மாசம் அலைய வைத்தது.

அம்பாசமுத்திரம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் வயல் உண்டு. 2022 பிசானப் பருவ நெல் நடவுக்கு ஒரு வாரம் சேற்றிலேயே நின்றேன். சுண்டுவிரல் இடுக்கில் தோல் வெள்ளையாக ஊறிப் பிய்ந்தது, ராத்திரியெல்லாம் அரிப்பு. வயலில் இறங்குகிறவனுக்குச் சேற்றுப்புண் புதுசா என்ன? நானோ உள்ளங்காலுக்குப் போடும் குளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டு களிம்பையே இடுக்கிலும் தடவினேன். இரண்டே நாளில் அரிப்பு நின்றது. மூன்றாவது வாரம் புறங்காலில் வளையமாக ஏறிவிட்டது. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அமுக்கும், சேற்றுப்புண்ணுக்குக் காரணமான பூஞ்சையைக் கொல்லாது. அது பரவத் தோதாகத்தான் ஆகும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய 'எல்லாம் சேர்ந்த' டியூபிலும் அதே ஸ்டீராய்டுதான். அட்டையைப் பிறகுதான் படித்தேன்.

ஆச்சி வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்துத் தருவாள். ஊதா நிறமாக இறங்கும். முழங்கைக்கு எனக்கு இதமாகத்தான் இருக்கிறது. விரல் இடுக்கில் போட்டால் பிசுபிசுப்பில் ஈரம் காயவே இல்லை, விட்டுவிட்டேன்.

அதற்குள் பெருவிரல் நகம் இரண்டும் மஞ்சளாகத் தடித்து, அடியில் மாவு மாதிரி உதிர்ந்தது. சொரியாசிஸ் நகமும் இப்படித்தான் தடிக்கும், தூக்கும். இரண்டும் ஒரே நகத்தில் சேர்ந்தும் இருக்கலாம். தோல் டாக்டரம்மா கண்ணால் பார்த்துச் சொல்லவில்லை. நகத்தை வெட்டி, அடியில் சுரண்டிய தூளில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார்கள். பூஞ்சை இருந்தது.

கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனை செய்தபின் பூஞ்சையைக் கொல்லும் டெர்பினஃபின் மாத்திரை 250 மி.கி., தினம் ஒன்று, 12 வாரம். சிலருக்கு இந்த மாத்திரையே சொரியாசிஸைக் கிளப்பிவிடும் என்று முதலிலேயே எச்சரித்தார்கள். ஐந்தாவது வாரம் முழங்கை சிவந்ததும் ஓடிப்போய்க் காட்டினேன். பார்த்துவிட்டுத் தொடரச் சொன்னார்கள், அடங்கியது.

மாத்திரை முடிந்த அன்று நகம் பழையபடியே மஞ்சளாக இருந்தது. பணம் போச்சே என்றுதான் தோன்றியது. அப்புறம் நகத்தின் வேர்ப்பக்கம் அரத்தால் மெல்ல ஒரு கோடு இழுத்து வைத்தேன். ஒரு மாசம் கழித்து அது நகர்ந்தது ஒன்றரை மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். பெருவிரல் நகம் முழுசாக மாற ஒன்றரை வருஷம்கூட ஆகும். கோட்டுக்குப் பின்னால் முளைத்தது மட்டும் பளிச்சென்று இருந்தது.

இப்போது வயலில் இருந்து வந்ததும் ஈரிழைத் துண்டால் ஒவ்வொரு இடுக்காகத் துடைக்கிறேன். பழைய செருப்பைத் தூக்கிப் போட்டாயிற்று. நகவெட்டி எனக்குத் தனி. வீட்டில் முதலில் சிரித்தார்கள்.

பதினைந்தாவது மாசம் இடது நகம் தெளிந்துவிட்டது. வலது மட்டும் தடிப்பாகவே நின்றது. இன்னொரு சுற்று மாத்திரை கேட்டேன். டாக்டரம்மா தராமல் திரும்பவும் சோதித்தார்கள்: பூஞ்சை இல்லை. மிச்சம் இருப்பது சொரியாசிஸ். ஊக்கால் நோண்டினால் காயம் பட்டு அது இன்னும் கிளம்புமாம். அதனால் வாரம் ஒருமுறை அரத்தால் மேலாகத் தேய்ப்பதோடு சரி. கல்யாண வீட்டில் செருப்பைக் கழற்றும்போது வலது காலை இன்னும் வேட்டிக்குள் இழுத்துக்கொள்கிறேன்.