முதல் புகைப்படப் பயிலரங்கு: மாமல்லபுரமா, வேடந்தாங்கலா?

சென்னையில் இருந்துகொண்டு புதியவர்களுக்கு ஒரு நாள் களப் பயிலரங்கு நடத்த நினைக்கும் பலர், கடைசியில் இந்த இரண்டு இடங்களுக்கு நடுவில்தான் வந்து நிற்கிறார்கள். இரண்டும் செங்கல்பட்டு மாவட்டம். இரண்டுமே விடியலுக்கு முன் கிளம்பினால் மாலைக்குள் வீடு திரும்பும் தூரம். நான் இரண்டு இடத்துக்கும் குழுக்களை அழைத்துப் போயிருக்கிறேன். இப்போதெல்லாம் புதியவர்களுக்கு என்றால் மாமல்லபுரம் மட்டும்தான். தாங்களும் வகுப்பு எடுக்கத் தொடங்கியிருக்கும் நண்பர்கள் சிலர் காரணம் கேட்டார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

நுழைவுக் கட்டணம், பெட்ரோல் செலவு, சாப்பாடு ஆகியவற்றில் பெரிய வித்தியாசம் இல்லை. கழிப்பறை, நிழல், உட்கார்ந்து படம் பார்க்க ஓர் அறை என்று பார்த்தால் மாமல்லபுரம் சுற்றுலா ஊர், எல்லாம் கிடைக்கும். வேடந்தாங்கல் கிராமம், இதற்கெல்லாம் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். கூட்டம்தான் மாமல்லபுரத்தில் உள்ள குறை. ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டைப் பாறைப் பக்கம் யார் தலையும் இல்லாத சட்டகம் கிடைக்காது. அதனால் சனிக்கிழமையோ வார நாளோ வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து லென்ஸ். பதிவு செய்யும்போதே மூன்று கேள்விகள் கேட்டுவிடுவேன்: என்ன கேமரா, என்ன லென்ஸ், எதை எடுக்கத் திணறுகிறீர்கள்? பெரும்பாலோரிடம் இருப்பது கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸ். வேடந்தாங்கலில் கரையிலிருந்து பார்த்தால், தண்ணீருக்கு நடுவே நிற்கும் மரங்களில்தான் பறவைகள் அடைந்திருக்கும். 55 மி.மீ.யில் கூழைக்கடா ஒரு வெள்ளைப் புள்ளி. 300க்கு மேல் இருந்தால்தான் ஏதோ தேறும், 600 இருந்தால் நிம்மதி. 150-600 லென்ஸை வாடகைக்கு எடுக்கலாம், ஆனால் அது ஏறக்குறைய 2 கிலோ. முதல்முறை கையில் வாங்குபவர் அதைத் தூக்கிப் பிடித்துப் பழகுவதற்குள் காலை வெளிச்சம் போய்விடும். தூரத்தை இழுத்துக் காட்டும் டெலி லென்ஸ் வைத்திருப்பவர் படம் காட்டும்போது, கிட் லென்ஸ்காரர் மெல்லப் பின்னால் நகர்ந்து போனை எடுத்துக்கொள்வார். ஒரே கட்டணம் கொடுத்து வந்த இருவரில் ஒருவர் நாள் முழுக்க வேடிக்கை பார்ப்பது நியாயமில்லை.

ஆனாலும் லென்ஸ் என் முக்கியக் காரணம் இல்லை. எல்லோருக்கும் பெரிய லென்ஸ் கிடைத்துவிட்டால்கூடப் புதியவர்களை முதலில் மாமல்லபுரத்துக்கே அழைத்துப் போவேன். காரணம், அங்கே ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப எடுக்க முடியும்.

கேமரா தானாகக் கணித்த வெளிச்ச அளவை நாமே கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனைப் புதியவர் ஒருவர் கற்றுக்கொள்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் இது புரியும். ஐந்து ரதத்தில் கல் யானையை எடுக்கிறார். பின்னால் பளீரென்ற வானம், அதனால் யானை கருத்துப்போகிறது. ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை இரண்டு மடங்கு, ஏற்றச் சொல்கிறேன். மறுபடி எடுக்கிறார், யானை தெளிகிறது, வானம் வெளுக்கிறது. கொஞ்சம் இறக்குகிறார், இன்னொன்று எடுக்கிறார். அதே யானை, அதே வெளிச்சம், அவர் நின்ற இடமும் அதே. மாறியது அந்த ஒரு டயல்தான். ஆகவே படத்தில் தெரியும் மாற்றம் எதனால் வந்தது என்பதில் அவருக்குச் சந்தேகமே வராது. அப்புறம் அதை அவர் மறக்கமாட்டார்.

வேடந்தாங்கலில் இதே பாடத்தை நடத்திப் பாருங்கள். நத்தைகுத்தி நாரை ஒன்று பறந்து வருகிறது. அவர் டயலைத் தேடுவதற்குள் அது மரத்தில் இறங்கிவிடும். அடுத்து வருவது வேறு பறவை, வேறு உயரம். முன்பு பின்னணி கரும்பச்சை மரம், இப்போது வெறும் வானம். வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டரே வேறு கணக்குப் போட்டிருக்கும். படம் இருண்டது தன் கையாலா, பின்னணியாலா என்று அவருக்கு எப்படித் தெரியும்? கூடவே 1/1000 நொடி அல்லது அதைவிட வேகமான ஷட்டர் ஸ்பீடு வேண்டும், அதற்கு ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறனை) ஏற்ற வேண்டும், நகரும் பறவையைப் பின்தொடரும் தொடர் போகஸுக்கு மாற வேண்டும். நான்கு விஷயங்களை ஒரே நேரத்தில், அதுவும் இரண்டு நொடிக்குள். பழகியவருக்கு இது ஆனந்தம். முதல்முறை ஆட்டோவை விட்டு வெளியே வந்தவருக்கு அன்றைய பாடம் அத்தனையும் குழம்பிவிடும்.

நடத்துபவருக்கும் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. எட்டுப் பேர் கொண்ட குழுவில் ஒவ்வொருவர் பக்கத்திலும் இரண்டு நிமிடம் நின்றால், எட்டாவது ஆளிடம் போய்ச் சேரக் கால் மணி நேரம் ஆகிவிடும். கல் காத்திருக்கும், எட்டாவது ஆளுக்கும் அதே பாடம் கிடைக்கும். பறவைக் கூட்டம் எழும்பிப் பறக்கும்போது யார் பக்கத்தில் நிற்கிறேனோ அவருக்கு மட்டும்தான் என் உதவி. இன்னொன்றும் உண்டு. பயிலரங்கு நடத்தும்போது என் கேமரா பைக்குள் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கட்டணம் கொடுத்தவர்கள் வாங்குவது என் கவனத்தை. தலைக்கு மேல் கரண்டிவாயன்கள் வரிசையாகப் போகும்போது அந்த உறுதியைக் காப்பது கடினம். மாமல்லபுரத்தில் அந்தச் சோதனை குறைவு. எதைக் காட்டுவதானாலும் அவர்கள் கேமராவிலேயே காட்டிவிடலாம்.

சரி, காத்திருக்கும் கல்லில் சலிப்பு வராதா என்று கேட்பார்கள். வெளிச்சத்தைப் படித்துவிட்டுப் போனால் வராது. அதற்குத்தான் முன்தயாரிப்பு. குழுவை அழைத்துப்போகும் வாரத்தில், அதே நேரங்களில் தனியாக ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள். அர்ச்சுனன் தபசு கிழக்கு பார்த்தது. காலை வெளிச்சம் நல்ல வெளிச்சம் என்று நம்பி விடிந்ததும் அங்கே போய் நின்றால், வெயில் நேராக அடித்துச் செதுக்கலின் ஆழமே தெரியாது. சூரியன் மேலேறி வெளிச்சம் பாறையை உரசிக்கொண்டு இறங்கும் முற்பகலில்தான் ஒவ்வொரு உருவமும் நிழலோடு எழுந்து நிற்கும். பிற்பகலில் முழுப் பாறையும் நிழலுக்குள் போய்விடும். அங்கே நான் கொடுக்கும் பயிற்சி ஒன்றே ஒன்று: ஏறக்குறைய 29 மீட்டர் அகலப் பாறையில், தவம் செய்யும் பூனையைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் காலடியில் இருக்கும் எலிகளோடு சேர்த்துச் சட்டகத்துக்குள் கொண்டுவாருங்கள். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று அரை மணி நேரம் பேசுவதைவிட இது நன்றாக வேலை செய்கிறது.

ஐந்து ரதத்தில் நகுல சகாதேவ ரதம் தூங்கானை மாட வடிவம், பின்புறம் யானையின் முதுகு மாதிரி வளைந்திருக்கும். பக்கத்திலேயே கல் யானை நிற்கிறது. இரண்டு வளைவும் ஒன்றுக்கொன்று பேசும் கோணம் ஒன்று இருக்கிறது, அதை நான் சொல்லமாட்டேன். நடந்து, குனிந்து, பின்வாங்கி அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். ஜூமை விட்டுவிட்டுக் காலால் நகரப் பழகுவது அங்கேதான்.

கடற்கரைக் கோயில் காலை 6 மணிக்குத் திறக்கிறது. ஜனவரியில் சூரியன் ஆறரையை ஒட்டி உதிப்பதால் உள்ளே போய் இடம் பார்த்து நிற்க நேரம் இருக்கும். மே, ஜூனில் கதவு திறக்கும் முன்பே வெயில் வந்துவிடும், அந்த மாதங்களில் விடியலைப் பாடத்திட்டத்தில் சேர்க்காதீர்கள். தொல்லியல் துறை வளாகங்களுக்குள் ட்ரைபாட் வைக்க முன் அனுமதி வேண்டும். இதை முதல் தகவல் மடலிலேயே எழுதிவிடுங்கள். இல்லையென்றால் யாராவது ஒருவர் புதிதாக வாங்கிய ட்ரைபாடை ஆசையாகத் தூக்கிக்கொண்டு வந்து, வாசலில் முகம் வாடி நிற்பார்.

மாலையில் சிற்பக் கூடங்கள். அனுமதி கேட்காமல் உளி பிடித்த கையை எடுக்கக் கூடாது. நான் முந்தைய நாளே போய்ப் பேசிவிடுவேன், எடுத்த படங்களை அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அங்கே லென்ஸ் மாற்ற வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். கல்தூள் சென்சாரில் ஒட்டினால் சுத்தம் செய்யச் செலவாகும். கடலோரத்தில் உப்புக் காற்று லென்ஸ் முகப்பில் படியும் என்பதால் துடைக்கும் துணி என் பையில் எப்போதும் கூடுதலாக இருக்கும். கூடவே மெமரி கார்டுகள், கார்டு ரீடர், பல கேமராக்களின் கையேடுகளைப் போனில் இறக்கி வைத்தது. இந்தக் கடைசி விஷயத்தை யாரும் செய்வதில்லை. எனக்குப் பழக்கமில்லாத கேமராவில் போகஸ் புள்ளியை மாற்றும் மெனு எங்கே என்று ஒருவர் கேட்டால், பத்து நிமிடம் தடவாமல் பதில் சொல்ல அதுதான் கைகொடுக்கிறது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொருவரும் ஐந்து படங்களைத் தேர்ந்தெடுத்துத் தர வேண்டும். எல்லோரும் ஒரே யானையை எடுத்திருப்பதால், ஒருவர் படத்திலிருந்து இன்னொருவர் கற்றுக்கொள்கிறார். வேடந்தாங்கலில் இந்த அமர்வு, யாருக்கு எந்தப் பறவை கிடைத்தது என்ற பேச்சாகத் திரும்பிவிடுகிறது.

என் அனுபவம் எட்டாத இடங்களும் உண்டு. வேடந்தாங்கலுக்குக் குழுவோடு போனது பறவைகள் நிறைந்திருக்கும் ஜனவரி, பிப்ரவரியில் மட்டும். மாமல்லபுரத்தில் வடகிழக்குப் பருவமழை நாட்களில் வகுப்பு வைத்ததில்லை. செல்போன் மட்டும் வைத்திருக்கும் முழுக் குழுவையும் நடத்தியதில்லை. குழுவில் ஓரிருவர் போனோடு வந்து மாமல்லபுரத்தில் நல்ல படங்களோடு திரும்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

வேடந்தாங்கலை நான் விட்டுவிடவில்லை. 2022இல் ராம்சார் பட்டியலில் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்த ஏரி, தலைமுறைகளாக ஊர் மக்களே காத்துவந்த பறவைகள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அறிந்தவர்கள் அவர்கள். அங்கே கேமராவோடு நிற்பதற்கு ஒரு பக்குவம் வேண்டும். அதனால் அதை இரண்டாம் கட்டமாக வைத்திருக்கிறேன்: மாமல்லபுரம் முடித்தவர்கள், 300 மி.மீ.க்குக் குறையாத லென்ஸ், நான்கு பேருக்கு மேல் இல்லை. மழை பொய்த்த ஆண்டில் பறவை வரத்தும் குறையும் என்பதால், டிசம்பர் கடைசியில் நேரில் போய் ஏரியில் தண்ணீரும் மரத்தில் கூடுகளும் இருப்பதைப் பார்த்த பிறகே பதிவைத் தொடங்குகிறேன்.