வெயில்ல வைக்கிற பேனலுக்கு நீல கலர் டிஸ்ப்ளே வாங்கிடாதீங்க, நான் 300 பீஸ் வாங்கி மாட்டிக்கிட்டேன்

கோயமுத்தூர்ல பம்ப் ஸ்டார்ட்டர் பேனல் அசெம்பிள் பண்ற சின்ன யூனிட் நம்மளுது. வோல்ட், ஆம்ப்ஸ், டிரை ரன் (தண்ணியில்லாம மோட்டார் ஓடறது) எல்லாம் காட்ட ஒரு 16×2 எல்சிடி (ரெண்டு வரி, வரிக்கு 16 எழுத்து) வைப்போம். பல வருஷமா மஞ்சப்பச்சைல கருப்பு எழுத்து வர்ற டைப் தான், அழகா இருக்காது ஆனா கம்ப்ளைன்ட்னு ஒன்னு வந்ததில்ல.

போன தை மாசம் புதுசா ஒரு சப்ளையர் வந்தாரு. "இப்ப யாரு தம்பி மஞ்சள் வாங்கறா, நீலத்துல வெள்ளை எழுத்து போடுங்க, பேனலே ரிச்சா தெரியும்"னாரு. வெயில்ல தெரியுமான்னு ரெண்டு தடவ கேட்டேன், டிரான்ஸ்ஃப்ளெக்டிவ் தான் (வெளிய இருந்து வர்ற வெளிச்சத்தையும் திருப்பி அனுப்பும், உள்ள எரியற லைட்டையும் வெளிய விடும்), மைனஸ் 20லேர்ந்து 70 டிகிரி வரைக்கும் தாங்கும்னு அடிச்சு சொல்லி டேட்டாஷீட்டும் அனுப்புனாரு. சாம்பிள டேபிள் மேல டியூப்லைட் வெளிச்சத்துல ஓட்டிப் பாத்துட்டு 300 பீஸுக்கு முழுப் பணமும் கட்டிட்டேன்.

பங்குனி பொறந்ததும் போன் மேல போன். பொள்ளாச்சி பக்கம் ஒரு பெரியவர், "ஏனுங் தம்பி, பகல்ல பொட்டியில ஒரு எழுத்தும் தெரியறதில்லீங்களே, துண்டப் போட்டு மூடித்தான் பாக்கறனுங்"கறாரு. நேர்ல போய் பாத்தா நிஜமாவே வெறும் கண்ணாடி மாதிரி இருக்கு.

திரும்பி வந்து பழைய மஞ்சப்பச்சை ஒன்னு, இந்த நீலம் ஒன்னு, ரெண்டையும் உச்சி வெயில்ல மொட்டமாடிக்கு கொண்டு போய் பேக்லைட் (டிஸ்ப்ளேக்கு உள்ள எரியற லைட்) ஒயர கழட்டிட்டேன். பழையதுல எழுத்து கருகருன்னு நிக்குது, ஏன்னா பின்னாடி இருக்கற ஷீட் வெயிலையே திருப்பி அனுப்புது. நீலத்துல ஒன்னுமே இல்ல. இது டிரான்ஸ்மிசிவ் நெகட்டிவ் (இருட்டுப் பின்னணில வெளிச்ச எழுத்து), உள்ள இருக்கற எல்இடி வெளிச்சம் எழுத்து வழியா வெளிய வந்தாதான் உண்டு, அந்த குட்டி எல்இடி சூரியனோட போட்டி போட முடியுமா. நாளைக்கு பேக்லைட் போச்சுன்னா டிஸ்ப்ளேவும் போச்சு.

அதோட சூடு வேற. மத்தியானம் இரும்புப் பெட்டி கொதிக்கறப்ப எழுத்தோட சேந்து எல்லா கட்டமும் வெளுத்துப் போகுது, காண்ட்ராஸ்ட் பிரீசெட்ட (எழுத்தோட அழுத்தத்த கூட்டிக் குறைக்கிற குட்டி திருகு) குறைச்சு வச்சா சரியாகுது, ஆனா ராத்திரி குளிர்ந்ததும் எழுத்து மங்கிடுது. அப்பதான் போர்டு பின்னாடி இருக்கற நம்பர டேட்டாஷீட்டோட வச்சுப் பாக்கறேன், வேற நம்பர். இதோட ஒரிஜினல் ஷீட்ட தேடி எடுத்தா 0லேர்ந்து 50 டிகிரி தான்னு போட்டிருக்கு.

கேட்டதுக்கு முதல்ல "லாட் மாறி வந்துருச்சு தம்பி"ன்னாரு, அப்பறம் போனே எடுக்கல. பில்லுல "16×2 எல்சிடி ப்ளூ"ன்னு மட்டும் இருக்கறதால என்னால ஒன்னும் பேச முடியல. எனக்கு வந்த நஷ்டம் உங்களுக்கு வர வேணாம், தயவுசெஞ்சு ஆர்டர்லயும் பில்லுலயும் கலர் மட்டும் எழுதாம பாசிட்டிவா (வெளிர் பின்னணில கருப்பு எழுத்து) நெகட்டிவா, டிரான்ஸ்ஃப்ளெக்டிவா, எத்தன டிகிரி, முழு பார்ட் நம்பர் எல்லாம் எழுதி வாங்குங்க. எந்தப் பக்கத்துலேர்ந்து பாக்கற மாடல்னும் கேளுங்க, 6 மணி டைப் கீழ இருந்து பாத்தா நல்லா தெரியும், பெட்டி இடுப்பு உயரத்துல இருந்தா மேல இருந்து பாக்கறதுக்கான 12 மணி டைப் தான் சரி. சாம்பிள வெயில்ல வச்சு பேக்லைட் இல்லாம பாக்காம பணம் கட்டவே கட்டாதீங்க.

நீலமே தப்புன்னு சொல்லல, ஏசி ரூம்ல, லேப்ல வைக்கற மிஷினுக்கு அது நல்லாத்தான் இருக்கும். கெணத்து மேட்டுக்கு ஆகாது.

இதுவரைக்கும் போன பெட்டி எல்லாத்துக்கும் நம்ம செலவுலயே மஞ்சப்பச்சை மாத்திக் குடுத்துட்டு இருக்கோம். பொள்ளாச்சி முடிஞ்சுது, உடுமலை பக்கம் இன்னும் 40 பெட்டி பாக்கி.