வீட்டுப் பேரம்: இருவரும் போவதா, ஒருவர் போவதா, புரோக்கரிடம் விடுவதா?

கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிற வீட்டில், சொத்துப் பேச்சுக்குக் கிடைப்பது மதியச் சாப்பாட்டு வேளையும் இரவு எட்டு மணிக்கு மேலும்தான். தமிழ்நாட்டில் 60 லட்சம் சொல்லும் ஒரு பழைய தனி வீட்டை வைத்து மூன்று வழிகளையும் பார்ப்போம்.

இருவரும் சேர்ந்து போவது வீட்டைப் பார்ப்பதற்குச் சரி. விலை பேசுவதற்குச் சரியில்லை. "சமையலறை நல்லா இருக்கு" என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்ன பிறகு விற்பவர் எளிதில் இறங்கி வரமாட்டார். ஒருவர் 55 என்றும் மற்றவர் 57 என்றும் சொன்னால் பேச்சு 57-இலிருந்துதான் தொடங்கும். லீவையும் எண்ணிப் பாருங்கள். இருவர் பெயரிலும் கிரையம் என்றால் புகைப்படம், கைரேகைக்காகச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு இருவரும் போக வேண்டும். வங்கிக் கடன் கையெழுத்து வேறு. அந்த லீவைப் பேரத்திலேயே தீர்த்துவிடக் கூடாது.

ஒருவர் போய்ப் பேச, மற்றவர் வேலையில் இருப்பதுதான் எங்கள் தேர்வு. "வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்றேன்" என்று எழுந்து வர முடிவதே இதன் பலம். அங்கிருந்தபடியே போன் போட்டால் அது போய்விடும். மீட்டிங்குக்கு நடுவே அரைக் காதில் கேட்டுச் சொன்ன "சரி"தான் பிறகு வீட்டில் சண்டையாகும். பேசியதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள்: விலை, அட்வான்ஸ், கிரையத்துக்கு எத்தனை மாதம், யார் யார் கையெழுத்து. பதில் இரவில் போதும்.

உச்ச வரம்பை முந்தைய நாளே இருவரும் முடிவு செய்துவிட வேண்டும், அதுவும் மொத்தச் செலவாக. 60 லட்சத்துக்கு முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 5.4 லட்சம். புரோக்கர் கமிஷன் 1% பேசியிருந்தால் 60,000. மொத்தம் 66 லட்சம். விலையை 55-க்குக் குறைத்தாலும் வழிகாட்டி மதிப்பு (அந்த இடத்துக்கு அரசு வைத்திருக்கும் மதிப்பு) 58 என்றால் தீர்வையும் கட்டணமும் 58-க்குத்தான். அதனால் தெருவின் மதிப்பைப் பதிவுத்துறைத் தளத்தில் பார்த்துவிட்டே பேசப் போங்கள். பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1% குறையும் என்பது 10 லட்சம் வரையுள்ள சொத்துக்கு மட்டுமே.

"வேற பார்ட்டி வருது, இன்னிக்கே டோக்கன் (முதல் அட்வான்ஸ்) போடுங்க" என்பார்கள். வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியல்), மூலப் பத்திரம், பட்டா மூன்றையும் பார்க்காமல் போட வேண்டாம். சொத்து காலமான அப்பாவின் பெயரில் இருந்து, உயில் ஏதும் இல்லையென்றால் மகன் கையெழுத்து மட்டும் போதாது. மகள்கள் உட்பட எல்லா வாரிசுகளும் போட வேண்டும். பேரம் முடிந்த பிறகு கிரையம் மாதக்கணக்கில் நிற்பது பெரும்பாலும் இங்கேதான். அட்வான்ஸ் 20,000 அல்லது அதற்கு மேல் என்றால் ரொக்கம் கூடாது. காசோலை அல்லது வங்கி வழி.

புரோக்கரிடம் விட்டால் நேரம் நிறைய மிச்சம். ஆனால் விலை ஏறினால் அவர் கமிஷனும் ஏறும். பத்திர நகல் வாங்கவும் சந்திப்பு நேரம் குறிக்கவும் அவரை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் உச்ச வரம்பை மட்டும் அவரிடம் சொல்லாதீர்கள்.

எந்த வழியில் போனாலும் ஒரு வேலை மிஞ்சும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1% டிடிஎஸ் (விற்பவருக்குத் தரும் பணத்திலிருந்து பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடித்துக் கட்டுவது வாங்குபவர் பொறுப்பு. வாங்குபவர் இருவர், விற்பவர் இருவர் என்றால் தனித்தனியாக நான்கு படிவங்கள். ஆளுக்கு இரண்டாகப் பிரித்து, இரவில் வீட்டிலிருந்தே ஆன்லைனில் முடித்துவிடலாம்.